மணிக்கட்டின் உச்சரிப்பு

செம்பாக்கம்
12 ஜூன் 2025

ஆல்வின்,

வாழ்த்துதல், ஸ்தோத்திரம் எதுவும் இந்தக் கடிதத்தில் கிடையாது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வாட்ஸ்அப்பில் உன்னைத் தடுத்து வைத்திருக்கிறேன். ஏதோ கைதவறிச் செய்துவிட்டேன் என்று நினைத்து உன் அத்தான் எலியேசருக்கு வீடியோ கால் மேல் கால் போடுகிறாயாம். கைதவறவில்லை, வேண்டுமென்றே செய்தேன். வீடியோவில் நான் பேசினால் நீ என் கையைப் பார்ப்பாய். பார்த்ததும் உன் முகம் சுண்டிப்போகும். உன் முகம் சுண்டினால் என் கோபம் பாதியாகிவிடும், எனக்கு அது முழுசாக வேண்டும். அதனால்தான் தபால். செம்பாக்கத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவில் ஏழெட்டு கிலோமீட்டர்தான், ஆனாலும் மூன்று நாள் ஆகுமாம். ஆகட்டும். எழுத்து கோழிக் கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள். இரண்டு வருஷமாக இடது கையால்தான் எழுதுகிறேன். வலது கையில் பேனாவைப் பிடித்தால் நாலாவது வரியிலேயே மணிக்கட்டுக்குள் நெருப்புக்குச்சி கிழித்த மாதிரி இருக்கிறது.

போன வாரம் ஒரு புது டாக்டரிடம் போனேன். சூர்யநாராயணன் என்று பெயர், கைக்கென்றே தனியாகப் படித்தவர். பழைய ஃபைல் வேண்டும் என்றார். நீ பைக் ஓட்டி, நான் பின்னால் உட்கார்ந்து, இரண்டு பேரும் ரோட்டில் விழுந்தோமே, அந்த 2014 ஃபைல். பதினோரு வருஷமாக அதை நான் திறந்ததே இல்லை. அவர் புரட்டிப் படித்துவிட்டு, ஒரு தாளில் தமிழில் எழுதிக் காட்டினார்: "மணிக்கட்டு மூட்டை அப்போதே இணைத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் ஏன் வேண்டாம் என்றீர்கள்?"

யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்று எழுதினேன். அவர் ஃபைலை என் பக்கம் திருப்பினார். இங்கிலீஷில் நாலு வரி. மூட்டு மிக மோசமாக நொறுங்கியிருக்கிறது. தகடு வைத்து அசைவைக் காப்பாற்றலாம், ஆனால் பத்து வருஷத்துக்குள் தேய்ந்து வலிக்கும் வாய்ப்பு அதிகம். இப்போதே எலும்புகளை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் மணிக்கட்டு மடங்காது, வலியும் இருக்காது. சகோதரர் மூலம் நோயாளியிடம் கேட்கப்பட்டது, நோயாளி இணைப்பை மறுத்துவிட்டார்.

நோயாளி நான்தானே ஆல்வின்? நான் எப்போது மறுத்தேன்?

எனக்கு அப்போது மயக்க மருந்துகூடக் கொடுத்திருக்கவில்லை. விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். வலித்ததற்காக நான் கோபப்படவில்லை, அதைப் புரிந்துகொள். ஐந்து வயதில் காய்ச்சலில் எனக்குக் காது போன பிறகு, நீ பிறந்து பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து, எனக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் நின்றவன் நீ. என்னைத் தேடி வந்த ஒரு பெரிய கேள்வியை வாசலிலேயே மறித்து, நான் சொன்னதாக நீயே ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டாய்.

பதில் எழுத விருப்பம் இருந்தால் எழுது.

டெபோரா

*

மேடவாக்கம்
20 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

கடைசியாகக் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில். அதில் 'அன்புள்ள நண்பா' என்று ஆரம்பித்து ஐந்துக்கு மூன்று மார்க் வாங்கினேன். ஆகவே நீயும் பார்த்துப் போடு.

நீ எழுதியதை ஆபீஸ் கேன்டீனில் வைத்துப் படித்தேன். படித்து முடித்தபோது சாம்பார் சாதம் ஆறிப்போய்விட்டது. உண்மையைச் சொன்னால், அந்த நாலு வரி ஃபைலில் இருப்பது எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக உன் வீட்டு அலமாரிப் பக்கம் போகும்போதெல்லாம் அது இருக்கும் மேல்தட்டைப் பார்ப்பேன்.

ஆனால் அக்கா, அன்றைக்கு இருந்த நிலைமையை நினைத்துப் பார். தண்ணி லாரி வழியெல்லாம் ஒழுகிக்கொண்டு போயிருக்கிறது, சிக்னலுக்கு முன்னால் பிரேக்கைப் பிடித்தேன், வண்டி வழுக்கியது. நீ கையை ஊன்றி விழுந்தாய். எனக்கு முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. உன் வலது கையில் கட்டு, இடது கையில் ட்ரிப்ஸ் ஏற்றி அதைப் பலகையோடு சேர்த்து ஒட்டிவிட்டார்கள். கழுத்துக்கு ஒரு பட்டை. உன் இரண்டு கையும் கட்டியிருக்கும்போது உன்னிடம் நான் என்ன கேட்பது, நீ எப்படிப் பதில் சொல்வது? டாக்டரோ அவசரப்படுத்துகிறார். அசையாத கையோடு நீ எப்படிப் பேசுவாய்? உன்னைக் கேட்டிருந்தால் நீயும் அதைத்தானே சொல்லியிருப்பாய்? நல்லதுக்குத்தான் செய்தேன்.

அம்மா எப்போதும் சொல்வதுதான், "அக்காவுக்கு நீதான்டா வாய்." ஆறு வயசிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அன்றைக்கும் வாயாகத்தான் இருந்தேன்.

அத்தானுக்கு நான் கால் செய்தால் அவரும் எடுப்பதில்லை. அவரையாவது எடுக்கச் சொல்.

ஆல்வின்

*

செம்பாக்கம்
2 ஜூலை 2025

ஆல்வின்,

ஐந்துக்கு ஒன்று. அதுவும் சாம்பார் சாதத்துக்காக.

கை இரண்டும் கட்டியிருந்தது, சரி. கண்ணையும் கட்டியிருந்தார்களா? சர்ச்சில் ஜெபம் நடக்கும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள், நாம் இரண்டு பேர் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு பேசுவோமே, மறந்துவிட்டதா? ஒரு சிமிட்டல் என்றால் ஆம், இரண்டு என்றால் இல்லை. பாஸ்டரின் நீள ஜெபத்துக்குள் ஒரு குடும்பக் கதையையே பேசி முடித்தவர்கள் நாம். அன்றைக்கு ஒரே ஒரு சிமிட்டல் உனக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

இன்னொன்று. 'உன்னைக் கேட்டிருந்தால் நீயும் அதைத்தானே சொல்லியிருப்பாய்' என்று எழுதியிருக்கிறாய். இருக்கலாம், நானும் அதையேகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லவில்லையே. நீ வாய் என்றால் நான் சொன்னதை அல்லவா சொல்ல வேண்டும்? யோசித்துப் பார்த்தால் இது அன்றைக்கு மட்டும் நடந்தது இல்லை. துணிக்கடைக்காரரை நான் திட்டினால் நீ தேன் தடவி, "அக்காவுக்கு இந்தக் கலர் அவ்வளவாப் புடிக்கலையாம்" என்பாய். அவர் சிரிப்பார். நான் திட்டியதற்கு இவர் ஏன் சிரிக்கிறார் என்று நான் முழிப்பேன். அப்போது எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

சரி, கை சமாச்சாரம். கேட்க உனக்கு உரிமை இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

இந்த சூர்யநாராயணன் டாக்டர் ஒரு மாதிரியான ஆள். மணிக்கட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்களை இருபது வருஷமாக விடாமல் பின்தொடர்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, ஒரு கருவியை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி அளக்கிறார், படம் எடுக்கிறார். எக்ஸ்ரே பயங்கரமாக இருக்கிறவர் சிரித்துக்கொண்டு வருவாராம், எக்ஸ்ரே பரவாயில்லாதவர் அழுதுகொண்டு வருவாராம். "படத்தைப் பார்த்து வலியைச் சொல்ல முடியாது, ஆளைத்தான் கேட்க வேண்டும்" என்று எழுதிக் காட்டினார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

என் மூட்டில் குருத்தெலும்பு என்று ஒன்று இல்லவே இல்லை என்கிறார். ஊசி போட்டு நாளைத் தள்ளிப் பார்த்தாகிவிட்டது. இனி மிச்சம் இருப்பது இணைப்புதான். விரல் ஐந்தும் ஆடும், உள்ளங்கையை மேலே கீழே புரட்டலாம், மடக்கி நிமிர்த்துவது மட்டும் போய்விடும். போனால் போனதுதான், திரும்ப வராது. ஆகவே முதலில் மூன்று வாரம் ஒரு கெட்டியான பட்டையைக் கட்டிக்கொண்டு வாழ்ந்து பாருங்கள், பிறகு முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டார். நேற்றிலிருந்து கட்டியிருக்கிறேன்.

முதல் நாளே எங்கள் காது கேளாதோர் பள்ளியில், என் வகுப்பில் மானம் போயிற்று. மீன் பாடம். உனக்குத் தெரியும், சைகையில் மீன் என்றால் கை நேராக நின்று மணிக்கட்டு நெளிய வேண்டும், அதுதான் நீந்துவது. எனக்கு நெளியவில்லை. முழங்கையிலிருந்து ஆட்டினேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கண்ணை அகல விரித்துப் பார்த்துவிட்டு, 'இவ்வளவு பெரிய மீனா மிஸ்?' என்று கேட்டார்கள்.

சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். ஆல்வின், உனக்குப் பேச்சு தொண்டையில் இருக்கிறது. எனக்கு இங்கே இருக்கிறது. விரல் பேசுகிறது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். விரல் எழுத்து மட்டும்தான். கேலி, சந்தேகம், கொஞ்சல் எல்லாம் மணிக்கட்டில் இருக்கிறது. அதைப் பூட்டிவிட்டால் நான் பேசுவேன், ஆனால் நான் பேசுகிற மாதிரி இருக்குமா? அதுதான் என் பயம், வலி அதற்கு அப்புறம்தான்.

நேற்று ஒரு கனவு. செம்பாக்கம் ஏரியில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன். என் வலது கை தனியாகத் தண்ணீருக்கு அடியில் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறது. மீன்களெல்லாம் சுற்றி நின்று கவனிக்கின்றன. என்ன சொல்கிறது என்று குனிந்து பார்க்கிறேன், தண்ணீர் கலங்கிவிடுகிறது. தெளியட்டும் என்று காத்திருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, ஆகாயம் மஞ்சளாகி, பிறகு ரோஜா நிறமாகி, ஒரு அவசரமும் இல்லாமல் இருந்தது. விழித்தபோது கை தலையணைக்கு அடியில் மரத்துக் கிடந்தது.

டெபோரா

*

மேடவாக்கம்
9 ஜூலை 2025

அக்கா,

சின்னக் கடிதம்தான். ஸ்கேலை மணிக்கட்டில் வைத்துச் செல்லோ டேப்பால் சுற்றிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று சைகையில் பேசிப் பார்த்தேன். மூக்கடைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. 'மன்னித்துவிடு' என்பதை நாலு தடவை செய்து பார்த்தேன், நாலு தடவையும் யாரையோ அதட்டுகிற மாதிரியே வந்தது.

நீ வேண்டாம் என்று சொல்லிவிடேன் அக்கா. ஊசியே போட்டுக்கொண்டு தள்ளலாமே.

எழுதிய பிறகு படித்துப் பார்த்தேன். மறுபடியும் நானே உனக்குப் பதில் சொல்கிறேன், தெரிகிறது. அந்த வரியை அடித்துவிட்டால் நீ என்னவோ ஏதோ என்று நினைப்பாய். அப்படியே விடுகிறேன்.

ஆல்வின்

*

செம்பாக்கம்
21 ஜூலை 2025

ஆல்வின்,

அடிக்காமல் விட்டதற்கு ஒரு மார்க் கூட.

டாக்டர் எனக்கு ஒரு விலாசம் கொடுத்தார். பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவரிடம் மணிக்கட்டை இணைத்துக்கொண்டவர், விருப்பமிருந்தால் போய்ப் பாருங்கள் என்றார். பொத்தேரியில் காலேஜுக்கு எதிரே டீ மாஸ்டர், பெயர் கதிரேசன். முன்பு ஏதோ கம்பெனியில் பிரஸ் மிஷினில் கையைக் கொடுத்தவர்.

சனிக்கிழமை சாயங்காலம் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் போனேன். எதிர்ப்பக்கம் ஒதுங்கி நின்று ரொம்ப நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ ஆற்றுகிறவர்கள் மணிக்கட்டைச் சுழற்றித்தான் ஊற்றுவார்கள், கவனித்திருக்கிறாயா? இவருக்குக் கை தோளிலிருந்து எழும்புகிறது. மொத்தக் கையும் மெதுவாக மேலே போய், டீ ஒரு நீளத் துணி மாதிரி இறங்குகிறது. ஆவியில் அவர் முகம் தெரிந்து தெரிந்து மறைகிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸும் லாரியும் ஓடுகின்றன, எனக்கு ஒரு சத்தமும் கிடையாது. அந்தக் கை மட்டும் எழும்பி இறங்கி, எழும்பி இறங்கி. நான் தூங்கிக்கொண்டிருக்கிறேனோ என்று சந்தேகமே வந்துவிட்டது.

கிட்டே போய் என் பட்டையையும் டாக்டர் எழுதிய சீட்டையும் காட்டினேன். அவர் பேசுவது எனக்கு உதட்டில் பிடிபடவில்லை, மீசை. ரேஷ்மா என்று ஒரு மாணவி டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லச் சொல்ல, என் போனில் ஒரு எழுத்து மாற்றாமல் தட்டிக் கொடுத்தாள். அதை அப்படியே உனக்குப் பார்த்து எழுதுகிறேன். அந்தப் பெண்ணிடம் நீ பாடம் படிக்கலாம்.

"மொத வருசம் ரொம்ப பேஜாரும்மா. சட்ட பட்டன் போட வராது. பாத்ரூம்ல இன்னிக்கும் எடது கைதான், அத்த சொல்றதுக்கு இன்னா வெக்கம்? தோ, குறுகலான டப்பாக்குள்ள கை வுட முடியாது. ஆனா வலின்றது சுத்தமா இல்ல. ரெண்டாவது வருசம் தோளு தொழில கத்துகினுச்சு. இப்ப மடங்காத கைன்ற நெனப்பே கெடையாது. உன்ன மாரி யாராச்சும் வந்து கேட்டாத்தான் ஞாபகத்துக்கு வருது."

வருத்தம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"கோயில்ல கும்புடச் சொல்ல ரெண்டு கையும் சரியா சேராது. கோணலாத்தான் கீது. சாமி இன்னா கோச்சிக்கவா போறாரு?"

சொல்லிவிட்டு எனக்குக் கும்பிட்டுக் காட்டினார். ஒரு கை நேராக, ஒரு கை சாய்ந்து. டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

இன்னும் இரண்டு விஷயம். பள்ளியில் என் பிள்ளைகள் எல்லோரும் இப்போது மீனை முழங்கையிலிருந்து செய்கிறார்கள். மற்ற மிஸ் திருத்தினால், 'டெபோரா மிஸ் மீன்' என்று சொல்கிறார்களாம். சாதா மீன் வேறு, டெபோரா மிஸ் மீன் வேறு. திருநெல்வேலிக்காரர் வீட்டில் பிள்ளைகள் அந்த ஊர்ப் பேச்சைப் பிடித்துக்கொள்ளும் இல்லையா, அப்படிப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள்.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தேன். நான் தூக்கத்தில் சைகை செய்வேன் என்று எலியேசர் எப்போதும் சொல்வார். அவருக்கும் காது கேட்காது என்பதால் என் தூக்கப் பேச்சு முழுவதும் அவருக்கு மட்டும்தான் தெரியும். விழித்தவுடன் அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். கனவில் எங்கே போயிருந்தாய் என்று கேட்டார். யாருடனோ ஏரியில் பேசிக்கொண்டிருந்தேன், எதிரே இருந்தவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்றேன். அவர் சொன்னார்: 'பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தூங்கினாய். ஆனால் கை மடங்காமலே பேசினாய். நன்றாகவே புரிந்தது.'

டெபோரா

*

மேடவாக்கம்
30 ஜூலை 2025

அக்கா,

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதிக் கிழித்திருக்கிறேன். இதிலும் நல்லவனாக இருக்கப் பார்க்கிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது.

அன்றைக்கு டாக்டர் அவசரப்படுத்தவில்லை. அது நான் சொன்ன பொய். நிதானமாக விளக்கினார். இரண்டு தடவை சொன்னார், "அவங்களக் கேட்டு சொல்லுங்க தம்பி, அவங்க கை" என்று. நான் உன் பக்கம் திரும்பினேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். கையைத் தூக்கினேன். கேள்வியைக் கேட்கத்தான் தூக்கினேன். 'எல்லாம் சரியாகிவிடும்' என்றேன். நீ ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினாய். நான் டாக்டரிடம் திரும்பி, "அசையணும்னு சொல்றாங்க சார்" என்றேன்.

நீ சிமிட்டியது என்னை நம்பி. அதை உன் பதிலாக விற்றுவிட்டேன்.

ஏன் என்று நீ கேட்பாய். உன் பேச்சு போய்விடக் கூடாது என்றுதான் என்று இத்தனை வருஷமும் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். ஆனால் முதலில் மனசுக்குள் வந்தது அது இல்லை அக்கா. உன் கை மடங்காமல் போய்விட்டால், நீ 'சாப்பிட்டாயா' என்று கேட்டால்கூட, பைக் ஓட்டியவன் நான்தான் என்பது அதில் தெரியும். வாழ்நாள் முழுக்க, ஒவ்வொரு வார்த்தையிலும் தெரியும். கை பழையபடி ஆடினால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்துவிடலாம். எனக்காகத்தான் உன் கையை அசைய வைத்தேன். அதற்குப் பதினோரு வருஷம் வலியைச் சுமந்தவள் நீ.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். மன்னித்துவிடு அக்கா.

ஆல்வின்

*

செம்பாக்கம்
11 ஆகஸ்ட் 2025

ஆல்வின்,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. பையில் போட்டுக்கொண்டே பள்ளிக்கும் வீட்டுக்கும் நடந்தேன். ஏரிக்கரையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். அந்தச் சிமிட்டலை நான் மறந்தே போயிருந்தேன். நீ எழுதியதும் ஞாபகம் வந்துவிட்டது. உன் சட்டைக் காலரில் ரத்தம் இருந்தது. உனக்கும் அடிபட்டிருக்கிறதா என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். நீ 'எல்லாம் சரியாகிவிடும்' என்றதும், உனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். சிமிட்டினேன்.

அழுதேன். கோபமும் போகவில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன, அவை பாட்டுக்கு இருக்கட்டும்.

செப்டம்பர் 3, புதன்கிழமை காலையில் என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். தியேட்டருக்குள் போகும் முன் டாக்டர் கடைசியாக ஒரு தடவை கேட்பாராம், சம்மதமா என்று. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எலியேசரிடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்ல மாட்டேன். டாக்டர் எழுதிக் காட்டலாம், நானும் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் எனக்கு எழுத்தில் வேண்டாம். கேள்வி என் மொழியில் வர வேண்டும், என் மொழியில் போக வேண்டும்.

தாம்பரத்தில் சைகைமொழி பெயர்ப்பாளர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், நல்லவர்கள். அவர்களைக் கூப்பிடலாம். நீ வருகிறாயா என்று உன்னைக் கேட்கிறேன். தம்பியாக இல்லை. தம்பி என்றால் தேன் தடவுவான். மொழிபெயர்க்க மட்டும் வா. டாக்டர் சொல்வதை எனக்குச் சொல், நான் சொல்வதை அவருக்குச் சொல், வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடு.

ட்ரிப்ஸைக் காலில் போடச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை இடது கை எனக்கு வேண்டும்.

டெபோரா

*

மேடவாக்கம்
16 ஆகஸ்ட் 2025

அக்கா,

வருகிறேன். ஒரு சொல் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

பயமாக இருக்கிறது.

ஆல்வின்

*

செம்பாக்கம்
26 அக்டோபர் 2025

அன்புள்ள ஆல்வினுக்கு,

மாவுக்கட்டைப் போன வாரம் கழற்றிவிட்டார்கள். கை வெளுத்து, தோல் உரிந்து, அடையாளமே தெரியவில்லை. எலும்பு ஒட்டிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் படத்தைப் பார்த்துச் சொன்னார். அடுத்த வருஷம் இதே சமயத்தில் வர வேண்டுமாம், அதற்கடுத்த வருஷமும். அவர் பின்தொடர்கிறவர்கள் பட்டியலில் நானும் சேர்ந்துவிட்டேன். இருபது வருஷம் என்னை விடப்போவதில்லை. வலி இன்னும் இருக்கிறது, ஆனால் அது வெட்டித் தைத்த வலி. பழைய நெருப்புக்குச்சி இல்லை. இரண்டு மாதமாக அதைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், காணோம்.

நீ ஒன்றும் கேட்டு எழுதவில்லை. எழுத மாட்டாய் என்று தெரியும். அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தேன் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் கேட்டார். நீ என் பக்கம் திரும்பினாய். ஒவ்வொன்றாக, தெளிவாகச் சொன்னாய்: 'மணிக்கட்டை நிரந்தரமாக இணைக்கப்போகிறோம். பிறகு மடங்காது. மாற்ற முடியாது. உங்களுக்குச் சம்மதமா?' என்னை 'உங்களுக்கு' என்று நீ சொன்னது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. வேண்டுமென்றே காக்க வைத்தேன். ஒரு நிமிஷம் இருக்கும். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். எலியேசர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். உன் கை ஒரு தடவை தானாக எழும்பியது, பார்த்தேன். நீ அதை இழுத்து இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாய்.

அப்புறம்தான் சொன்னேன். 'வேண்டாம். வீட்டுக்குப் போகிறேன்.'

நான் பட்ட வேதனை முழுவதும் உனக்குத் தெரியும். இரண்டு மாதக் கடிதங்களைப் படித்திருக்கிறாய். டீக்கடைக்காரரிலிருந்து கனவு வரைக்கும் எல்லாம் தெரிந்தவன் நீ. அக்காவின் மனசில் சம்மதம்தான் இருக்கிறது, ஏதோ கடைசி நேரப் பயம் என்று உனக்குத் தோன்றியிருக்கும். உன் முகத்தில் அது தெரிந்தது. 'பயப்படுறாங்க சார், அஞ்சு நிமிஷம் கொடுங்க' என்று நீ சொல்லியிருக்கலாம். பழைய ஆல்வின் அதைத்தான் சொல்லியிருப்பான், நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பான்.

உன் உதட்டை எனக்கு நன்றாகப் படிக்க வரும், மீசை கிடையாது. நீ டாக்டரிடம் திரும்பி, கண்ணில் தண்ணீரோடு, "வேணாம்னு சொல்றாங்க சார். வீட்டுக்குப் போறாங்களாம்" என்றாய். அவ்வளவுதான். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை.

விளையாட்டு என்று நினைக்காதே. அந்த ஒரு நிமிஷம் நான் உண்மையாகவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ அதைத் திருத்திச் சொல்லியிருந்தால் கட்டிலிலிருந்து இறங்கிப் போயிருப்பேன், இந்த வலியோடே மிச்ச காலத்தையும் ஓட்டியிருப்பேன். சம்மதப் படிவத்தின் மேல் வைத்திருந்த பேனாவை டாக்டர் மூடினார், பார். நான் சொன்னது ஒரு மனுஷனின் பேனாவை மூட வைத்தது. அந்தக் கணத்தில் எனக்குள் என்ன ஆனது என்று எப்படி எழுதுவது? நான் சொன்னால் நடக்கும் என்று தெரிந்துவிட்டது. அதற்கு அப்புறம் பயம் இல்லை. வேண்டாம் என்று சொல்ல முடிகிறவளால்தான் வேண்டும் என்று சொல்ல முடியும் போல. பிறகு நான் சொன்னதையும் நீ அப்படியே சொன்னாய்: "இப்ப யோசிச்சிட்டாங்களாம் சார். சம்மதமாம். பேனாவைத் திறக்கச் சொல்றாங்க."

டாக்டர் சிரித்தார். இந்தத் தடவை ஏன் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கண் விழித்தபோது எலியேசர் மட்டும்தான் இருந்தார். வேலை முடிந்ததும் போய்விடு என்று நான் எழுதியிருந்தேன், நீ போய்விட்டாய். அவ்வளவு அட்சரம் பிசகாமல் நடந்திருக்க வேண்டாம், மடையா. வார்டு வாசலில் நின்று தொலைத்திருக்கலாம்.

பள்ளிக்கு அடுத்த மாதம் போகிறேன். இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிப் பார்க்கிறேன். எலியேசர் எதிரே உட்கார்ந்து பொறுமையாகப் பார்க்கிறார். கேலி தோளுக்கு வந்துவிட்டது. சந்தேகம் புருவத்துக்குப் போய்விட்டது. கொஞ்சல் மட்டும் இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கிறது, ஊர் சுற்றிவிட்டு வரட்டும். மத்தியானத்தில் ஜன்னல் ஓரம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெயில் அதன் மேல் மெதுவாக நகர்கிறது. தூக்கமா விழிப்பா என்று தெரியாத அந்த நேரத்தில், இந்தக் கை என்னுடையதுதான் என்று படிப்படியாகத் தெரிகிறது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. காது கேட்காதவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நம்மைச் சுற்றி யார் வாயை அசைத்தாலும், என்ன சொன்னார்கள், என்னைப் பற்றியா, என்று அரித்துக்கொண்டே இருக்கும். அந்த ஃபைலைப் படித்த நாளிலிருந்து, நீ முப்பது வருஷமாகப் பேசிய ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்து அரித்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு என்னைத் தியேட்டருக்குள் கொண்டுபோனபோது, திரும்பிப் பார்த்தேன். நீ டாக்டரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய். முகம் சரியாகத் தெரியவில்லை, உதட்டைப் படிக்க முடியவில்லை. என்ன சொன்னாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார் எலியேசர். வேண்டாம் என்றுவிட்டேன்.

உன் அக்கா,
டெபோரா